பிரியோனா டெய்லர் வழக்கில் கிராண்ட் ஜூரியிடம் கேட்கப்படாத கேள்வி

பெரியப்பா: கயல், அமெரிக்கக் காவலர்கள் சுட்டதில் பிரியோனா டெய்லர் இறந்தது பற்றி நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். ஒருவர் மீது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரியில் அமர்பவர்கள் பொதுமக்கள்தானே? அந்தப் பன்னிரண்டு பேரே கொலை வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு அரசு வழக்கறிஞரைக் குறை சொல்வது முறையா?

கயல்: அவர்கள் அப்படி முடிவு செய்யவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம், பெரியப்பா. 2020 மார்ச் 13 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரக் காவலர்கள் சோதனை ஆணையோடு பிரியோனாவின் வீட்டுக் கதவை உடைத்தார்கள். அத்துமீறி யாரோ நுழைகிறார்கள் என்று நினைத்து பிரியோனாவின் காதலர் ஒரு முறை சுட, காவலர்கள் மூவர் 32 முறை சுட்டார்கள். கையில் ஆயுதம் எதுவுமில்லாத அந்த 26 வயதுப் பெண் இறந்துபோனார். செப்டம்பர் 23 அன்று ஒரே ஒரு காவலர் மீது குற்றம் சாட்டப்பட்டது, அதுவும் அவருடைய குண்டுகள் பக்கத்து வீட்டுக்குள் பாய்ந்ததற்காக.

சித்தி: அந்தப் பெண்ணின் உயிருக்கு யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லையா?

கயல்: மற்ற இருவரும் சுட்டது நியாயமே என்று கிராண்ட் ஜூரி ஒப்புக்கொண்டதாக மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் டேனியல் கேமரன் அறிவித்தார், சித்தி. அங்கே நடப்பது இரகசியம் என்பதால் உறுப்பினர்கள் மறுத்துப் பேச வழியில்லை. ஆனால் அவர்களில் ஒருவர், பெயரை வெளியிடாமலே நீதிமன்றத்தை நாடி, அக்டோபரில் பேச அனுமதி பெற்றார். கொலைக் குற்றப் பிரிவுகளோ தற்காப்புச் சட்டமோ தங்களுக்கு விளக்கப்படவே இல்லை என்றார்.

குமரன்: முதலில் சுட்டது காதலர் அல்லவா, கயல்? காவலருக்கும் உரிய சட்ட நடைமுறை உண்டு. நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டை மக்களின் கோபத்துக்காகச் சுமத்துவது தவறு.

கயல்: அதை முழுமையாக ஏற்கிறேன், அண்ணா, அந்தப் பாதுகாப்பில் இம்மியும் குறையக் கூடாது. ஆனால் சாட்சி விசாரணை நடக்கும் அந்த அறையில் நீதிபதி அமர்வதில்லை, இறந்தவர் தரப்பு வழக்கறிஞருக்கும் இடமில்லை. எந்தச் சாட்சியை அழைப்பது, எந்தச் சட்டப்பிரிவை முன்வைப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் அரசு வழக்கறிஞரே தீர்மானிக்கிறார். வழக்கு நிற்காது என்று அவர் கருதினால், அதைத் தம் முடிவாகவே அறிவித்துக் காரணத்தையும் சொல்லட்டும். தம் முடிவைப் பொதுமக்களின் தீர்ப்பாகக் காட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரியப்பா: குற்றம் சாட்டப்பட்ட அந்தக் காவலர் என்ன ஆனார்?

கயல்: 2022 மார்ச்சில் மாநில நீதிமன்றம் அவரை விடுவித்தது. கூட்டாட்சி அரசு தொடுத்த வழக்கில், பிரியோனாவின் சிவில் உரிமையை மீறியதாக 2024 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2025 ஜூலையில் 33 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இத்தனைக்கும் அவருடைய குண்டு எதுவும் பிரியோனா மீது படவில்லை. சோதனை ஆணைக்கான மனுவில் பொய் சேர்க்கப்பட்டதை இன்னொரு காவலர் 2022இல் ஒப்புக்கொண்டார்.

பெரியப்பா: கிராண்ட் ஜூரி விசாரணையின் பதிவு இருக்குமே?

கயல்: சுமார் 15 மணி நேர ஒலிப்பதிவை நீதிமன்ற உத்தரவின்படி வெளியிட்டார்கள், பெரியப்பா. ஆனால் அரசு வழக்கறிஞர்கள் வழங்கிய பரிந்துரைகள் அதில் பதிவாகவில்லை.