ஒரே காம்பில் திரும்பவும் மடிநோய், என்ன செய்யலாம்?

பவானி மாட்டுக்காரர்:
வணக்கங்க. ஜெர்சி கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து. போன மாதம் பின்பக்க இடது காம்பு வீங்கிப் பால் திரிதிரியாக வந்தது. டாக்டர் ஊசியும் காம்புக்குள் ஏற்றும் டியூபும் கொடுத்தார். சொன்ன நாள் வரை போட்டோம், சரியானது. இப்போது அதே காம்பில் முதல் பீச்சலில் மறுபடி சின்னத் திரி. வீக்கமோ காய்ச்சலோ இல்லை, தீவனம் நன்றாக எடுக்கிறது. அந்தக் காம்பைக் கன்றுக்கு விட்டுவிடு என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். விடலாமா?

தோட்டத்து அக்கா:
தம்பி, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் செக்கச்செவேலென்று வரும். கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடியைக் கழுவிவிட்டுப் பூசுங்க. ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். எங்க மாட்டுக்கு இதிலேயே கேட்டது.

கால்நடை மருத்துவர்:
அக்கா சொல்வதைக் கால்நடைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது, தாராளமாகப் பூசலாம். ஆனால் இது திரும்பி வந்த கேஸ். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியாக இருந்தால் மடித் திசுவுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். மருந்து போட்டதும் பால் தெளியும், பிறகு தலைகாட்டும். அதனால் பழைய டியூபையே வாங்கி ஏற்றாதீர்கள். கன்றுக்கும் விட வேண்டாம், குறிப்பாகக் கிடாரிக் கன்று என்றால்.

முதலில் நான்கு காம்பையும் சோதியுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி துவைக்கும் சோப்புத்தூள் கரைத்து, காம்புக்கு ஒரு கிண்ணமாகப் பாலும் கரைசலும் சம அளவு விட்டுச் சுழற்றுங்கள். கூழாகத் திரண்டால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது, பால் பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

பவானி மாட்டுக்காரர்:
பார்த்தேன் சார். அந்தக் காம்பு நன்றாகக் கூழானது. முன்பக்க வலதும் லேசாகத் திரண்டது, அதில் திரியே கிடையாது! பாலைச் சொசைட்டிக்கு ஊற்றலாமா?

கால்நடை மருத்துவர்:
கூழான இரண்டு காம்பின் பாலைச் சேர்க்காதீர்கள். மருந்து தொடங்கினால் நான்கு காம்பின் பாலையும், டாக்டர் சொல்லும் நாள் வரை. ஒரு காம்பில் ஏற்றினாலும் மருந்து ரத்தம் வழியாக மற்ற காம்புகளுக்குப் போகும்.

கறக்கும்போது நல்ல காம்புகள் முதலில், இவை கடைசி. வேறு மாடு இருந்தால் இந்த மாடே கடைசி. திரிப் பாலைத் தரையில் பீச்சாதீர்கள், பாத்திரத்தில் பிடித்துத் தள்ளிக் கொட்டுங்கள். கட்டைவிரலை மடக்கிக் கறக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், காம்பின் உட்பக்கம் புண்ணாகும்.

தோட்டத்து அக்கா:
கறந்ததும் மாடு படுத்துவிடுகிறதா தம்பி? தீவனத்தை அப்புறம் வையுங்க. தின்றுகொண்டே அரைமணி நேரம் நிற்கும், அதற்குள் காம்புத் துளை மூடிவிடும். இல்லாவிட்டால் சாணியிலேயே மடி கிடக்கும்.

கால்நடை மருத்துவர்:
அருமை. கறந்தவுடன் காம்பை போவிடோன் அயோடின் கரைசலில் முக்கிவிட்டால் இன்னும் நல்லது. நாளைக்கு மருந்து எதுவும் ஏற்றும் முன் பால் மாதிரி எடுத்து, டாக்டர் மூலம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் பீச்சலை ஒதுக்கி, சுத்தமான குப்பியில் பிடித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். எந்த மருந்து கேட்கும் என்று அதில் தெரியும். இடையில் மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ மாடு தீவனத்தை விட்டாலோ முடிவுக்குக் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐக் கூப்பிடுங்கள்.