மழைக்காலப் படர்தாமரை: களிம்பு தடவியும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: ஆன்டாப் ஹில் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மும்பை ஆன்டாப் ஹில்லில் சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஒரே அறை கொண்ட வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். என் கணவர் மஸ்ஜித் பந்தரில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்கிறார். காலையில் போட்ட ஜீன்ஸ் மழையிலும் வியர்வையிலும் ஊறி, இரவு வீடு திரும்பும்வரை உடம்போடு ஒட்டியே இருக்கும். ஜூன் மாதம் அவருக்குத் தொடை இடுக்கில் வட்டமாகச் சிவந்து தடித்தது. ஓரம் மேடாகவும் நடுப்பகுதி வெளிறியும் இருந்ததால் படர்தாமரை என்று நாங்களே கண்டுகொண்டோம். மருந்துக்கடையில் சொன்னதும் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டாம் நாளே அரிப்பு நின்றது, ஒரு வாரத்தில் சிவப்பும் மறைந்தது. ஆனால் தடவுவதை நிறுத்திய பத்து நாளில் முன்னைவிட அகலமாக வந்துவிட்டது. இப்படியே நான்கு ட்யூப் தீர்ந்துவிட்டது. இப்போது இடுப்புவரை ஏறி, வட்டத்துக்குள் இன்னொரு வட்டமாகத் தெரிகிறது.

எனக்கு இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்திலும், எட்டு வயது மகனுக்கு அரைஞாண் கயிறு படும் இடத்திலும் இதே போன்ற தடிப்பு வந்திருக்கிறது. மாமியாருக்கு மட்டும் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம், இரவானால் தூங்க முடியாத அரிப்பு. அவருக்கும் அதே ட்யூபைத் தடவிப் பார்த்தோம், கேட்கவில்லை. இதைவிட வீரியமான களிம்பு இருக்கிறதா? ஊரில் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசுவார்களே, அது உதவுமா? தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில் 1: செம்பூர் மருந்தாளுநர்

சகோதரிக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் ட்யூபின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இத்தகைய ட்யூபில் படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, அவற்றோடு ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றும் சேர்ந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பை நிறுத்தியது அந்த ஸ்டீராய்டுதான். பூஞ்சையை எதிர்த்துத் தோல் காட்டும் சிவப்பையும் அரிப்பையும் அது அடக்கிவிடுகிறது. எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது, களிம்பை நிறுத்தியவுடன் எல்லாம் சேர்ந்து வெளியே தெரிகிறது. வட்டத்துக்குள் வட்டம் வருவதும் பெரும்பாலும் ஸ்டீராய்டு பட்ட படர்தாமரையின் அடையாளம்தான்.

தொடை இடுக்குத் தோல் மெல்லியது, அங்கே மருந்து எளிதில் உள்ளே இறங்கும். பல வாரம் தடவினால் தோல் மேலும் மெலிந்து, பிரசவத்துக்குப் பின் வயிற்றில் வருவது போன்ற வரிகள் விழும். அந்த வரிகள் பின்னால் முழுமையாக மறைவதில்லை. குழந்தையின் தோலில் கேடு இன்னும் விரைவாக வரும் என்பதால், மகனுக்கு அதைத் தடவுவதை இன்றே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு மேற்பூச்சுகள் 14 வகையை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018ஆம் ஆண்டிலேயே விதி கொண்டுவந்தது. என் தொழிலில் இருப்பவர்களே அதை மதிக்காமல் எடுத்துக் கொடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வீரியமான களிம்பு எது என்று தயவுசெய்து யாரிடமும் கேட்காதீர்கள். நிறுத்திய சில நாட்களுக்குச் சிவப்பும் எரிச்சலும் கூடலாம். அதற்குப் பயந்து மீண்டும் அதே ட்யூபை எடுக்காமல், அதைக் கையோடு கொண்டுபோய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2: மாட்டுங்கா, ஓய்வுபெற்ற செவிலியர்

அம்மா, மேலே சகோதரர் எழுதியது முற்றிலும் சரி. நான் வேறு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது உங்கள் மாமியாரைப் பற்றியது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இரவில் கூடும் அரிப்பு என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சொறிசிரங்கு நினைவுக்கு வந்தது. அது பூஞ்சையால் வருவதன்று. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு பூச்சி தோலுக்குள் துளைத்து முட்டையிடுவதால் வருவது. அதற்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம்வரை, நக இடுக்கு உட்பட ஓரிடம் விடாமல் இரவில் பூசிக் காலையில் குளிக்கச் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொள்ளாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பிவிடும். ஆக, ஒரே வீட்டில் இரண்டு நோய் இருக்கக்கூடும், ஒரே ட்யூப் இரண்டையும் தீர்க்காது. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும் என்பதால் நால்வரும் ஒன்றாகச் செல்லுங்கள். உங்களுக்குச் சயான் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. காலையில் கேஸ் பேப்பர் என்னும் நோயாளிப் பதிவுச் சீட்டை எடுத்துத் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனால், தேவைப்பட்டால் தோலின் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டாவது, மருந்து பூசும் முறை. தடிப்பின் மேல் மட்டும் பூசினால் போதாது. ஓரத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை அகலத்துக்கு நல்ல தோலிலும் பூச வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியேயும் படர்ந்திருக்கும். தடிப்பு மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும். மறைந்த அன்றே நிறுத்துபவர்கள்தான் மறுமாதம் திரும்ப வருவதை நான் பணியில் இருந்தபோது நிறையவே பார்த்திருக்கிறேன். உங்கள் கணவருக்குப் பரவியிருக்கும் அளவுக்கு உள்ளே சாப்பிடும் மாத்திரையும் தேவைப்படலாம். அதை மருத்துவரே ஈரல் நிலை, இதய நிலை, உட்கொள்ளும் பிற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்துத் தர வேண்டும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்கே கட்டுப்படாத பூஞ்சை இப்போது நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்றவர்களிடம் ஜப்பானில் அதை இனங்கண்டு 2020ஆம் ஆண்டு டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். ஆகவே மூன்று நான்கு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் மருந்தை நீங்களாக மாற்றாமல் அதே மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.

பதில் 3: முலுண்ட் அன்பர்

சீமையகத்தியைப் பற்றி யாரும் எழுதாததால் சொல்கிறேன். படர்தாமரைக்கு அதைப் பூசுவது நம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அந்த இலையிலிருந்து செய்த களிம்பும் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. புதிதாக வந்த ஒரு சிறு வட்டத்துக்கு அது உதவலாம். ஆனால் நான்கு ட்யூப் ஸ்டீராய்டு பட்டு மெலிந்திருக்கும் தொடைத் தோலில் பச்சிலையை அரைத்துப் பூசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பூண்டையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசி, என் முழங்கைக்கு மேல் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் வெந்து உரிந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நோய் அடங்கியது துணி விஷயத்தைச் சரிசெய்த பிறகுதான். மழைக்காலத்தில் துணி காய்வதே இல்லை. கையில் எடுத்தால் உலர்ந்தது போலத் தோன்றும், ஆனால் உள்ளாடையின் இடுப்புப் பட்டையையும் தையல் மடிப்பையும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தால் சில்லென்று ஈரம் தட்டும். அந்த மடிப்பில்தான் பூஞ்சை தங்கும். நோயுள்ளவரின் துணியைத் தனி வாளியில் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் காயவைத்து, உடுத்தும் முன் மடிப்புகளின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தோம். ஆளுக்கொரு துண்டு என்று பிரித்தோம். ஜீன்ஸை விட்டுத் தளர்வான பருத்திக் கால்சட்டைக்கு மாறினேன். உங்கள் கணவர் ஒரு மாற்று உடையைப் பையில் எடுத்துச் சென்று, வேலை முடிந்ததும் கிடங்கிலேயே மாற்றிக்கொண்டு வண்டி ஏறினால் பெரிய மாற்றம் தெரியும்.

ஆன்டாப் ஹில் வாசகி

உங்கள் அனைவருக்கும் மிகுந்த நன்றி. ட்யூபைப் பார்த்தேன், குளோபீட்டசால் என்றே இருந்தது. நேற்று நால்வரும் மருத்துவமனைக்குச் சென்று வந்தோம். செவிலியர் அம்மா எழுதியபடியே மாமியாருக்குச் சொறிசிரங்கு என்றார்கள். எல்லோரும் ஒரே இரவில் பூசிக்கொள்ளக் களிம்பு தந்திருக்கிறார்கள். கணவருக்குச் செதிலைச் சோதித்துப் பூஞ்சை என்று உறுதிசெய்து மாத்திரையும் களிம்பும் எழுதியிருக்கிறார்கள். மகனுடைய அரைஞாண் கயிற்றை எடுத்துவிடச் சொன்னார்கள். மாமியார் தயங்குகிறார். வெள்ளிக் கொடியாக மாற்றிக் கட்டினால் பரவாயில்லையா?

மாட்டுங்கா, ஓய்வுபெற்ற செவிலியர்

அம்மா, கயிறு குளித்த ஈரத்தை நாள் முழுவதும் பிடித்துவைத்து அதே இடத்தில் உரசும். பூஞ்சை அந்த நூலிலேயே தங்கியிருந்து, மருந்தில் ஆறிய தோலுக்கு மீண்டும் வரும். வெள்ளி நீரை உறிஞ்சாது என்றாலும் அதன் கண்ணிகளில் அழுக்கும் ஈரமும் தேங்கும், உரசலும் இருக்கும். ஆகவே தோல் முழுமையாக ஆறி, மருந்துக் காலமும் முடியும்வரை எதுவும் வேண்டாம். மாமியாரிடம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லாமல், குழந்தைக்கு ஆறும்வரை சாமி படத்தின் முன் வைத்திருப்போம் என்று சொல்லிப் பாருங்கள். பிறகு கட்ட விரும்பினால் புதுக் கொடியாகக் கட்டுங்கள், பழைய கயிற்றைத் துவைத்துக் கட்ட வேண்டாம்.