புதுப்பிப்பு: பற்றரி இல்லை, ஓல்டனேற்றர்தான்

பரந்தன் - முல்லைத்தீவு ரோட்டில இரவு ஓடேக்க வானின்ர ஹெட்லைட் மங்குது, பற்றரி லைட் மினுங்குது எண்டு முந்தி எழுதியிருந்தன். கனபேர் பற்றரியை மாத்தச் சொன்னீங்கள். பற்றரி நல்லாத்தான் இருக்கு: எஞ்சின் நிண்டபடி 12.6 வோல்ட். ஸ்டார்ட் பண்ணினா, எஞ்சினோட சுத்தி கரண்ட் தாற ஓல்டனேற்றர் பற்றரியைச் சார்ஜ் பண்ண 14க்குக் கிட்ட ஏறவேணும், ஏறேல்ல. லைட்டும் ஏசியும் போட 11.9க்கு இறங்கிச்சு. ஓல்டனேற்றரைச் சுத்திற பெல்ட்டின்ர இறுக்கம் சரி, வயர் முனையளும் சுத்தம்.

கிளிநொச்சியில வயரிங் வேலை செய்யிற அண்ணை ஒராள் முதல்ல பற்றரியின்ர மைனஸைக் கழட்டிப்போட்டுத்தான் ஓல்டனேற்றரில கைவைச்சார். அந்த ஒழுங்கு எனக்கு நல்லாப் பிடிச்சுது. பின்மூடியைத் திறக்க கரித்தூள் கொட்டுண்டுது. உள்ள கரண்டைக் கடத்திற கரித்துண்டுகளில, அதுதான் பிரஷ், ஒண்டு தேஞ்சு அடியோட போயிட்டுது. பிரஷ் உரசிற வளையமான ஸ்லிப் ரிங்கில விரல் வைச்சாத் தெரியிற பள்ளம். கிறவல் புழுதி உள்ள போனா இதுகள் கெதியாத் தேயும். பிரஷ் மட்டும் மாத்தினா கனநாள் நிக்காது எண்டார், திருத்திப் புதுப்பிச்ச ரீகண்டிஷன் ஓல்டனேற்றர் ஒண்டு போட்டம். இப்ப எல்லா லைட்டும் போட்டு 14.1.

எஞ்சின் ஓடேக்க பற்றரி வயரைக் கழட்டிப் பாக்கச் சொன்ன தம்பிமார், தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. வோல்ட் எகிறினா ஓல்டனேற்றருக்குள்ள கரண்டை ஒருபக்கமா மட்டும் விடுற டயோட்டும் போகும், வாகனத்தின்ர கொம்பியூட்டரும் போகும்.