ஆர்சி 390: பின்சக்கரத்துக்கு 160 டயர், முன்சக்கரத்துக்கு 320 டிஸ்க், பொருந்துமா, பயன் உண்டா?

அடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2015இல் பதிவான கேடிஎம் ஆர்சி 390 பைக் ஒன்றைச் சென்ற ஆண்டு இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். வண்டி இதுவரை 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் நாமக்கல்லில் வசிப்பதால் மாதம் ஒரு முறையாவது கொல்லிமலைக்கு ஏறி இறங்குகிறேன். பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்து, தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டது. எப்படியும் டயர் மாற்ற வேண்டும் என்பதால், சக்கரம், டயர், பிரேக் மூன்றையும் ஒரே வேலையாக முடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

150/60 அளவுக்குப் பதிலாக 160/60, அதாவது 150 மி.மீ. அகலத்துக்குப் பதிலாக 160 மி.மீ. போட்டால் வளைவுகளில் பிடிப்பு கூடும் என்றும், அது இதே ரிம்மில் தாராளமாக உட்காரும் என்றும் எங்கள் ஊர் டயர் கடைக்காரர் சொல்கிறார். இது ஒரு புறம் இருக்க, சென்ற முறை மலையிலிருந்து இறங்கும்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் முன் பிரேக் லீவர் மெத்தென்று ஆகி, கிட்டத்தட்டக் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. கால் மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு ஓரளவு சரியானது. என் வண்டியில் 300 மி.மீ. விட்டமுள்ள பிரேக் டிஸ்க் இருக்கிறது; 2017 மாதிரியில் 320 மி.மீ. கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட முன்சக்கரம் ஒன்று டிஸ்க்குடன் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். டிஸ்க் சிறியதாக இருப்பதுதான் என் சிக்கலுக்குக் காரணமா? அந்தச் சக்கரத்தை வாங்கலாமா?

அளவுநாடா எழுதியது:

டயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரேக் விஷயத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

உங்கள் பின் ரிம்மின் அகலம் 4.00 அங்குலம். 150/60 டயர் அந்த ரிம்மில் அமரத் தக்கது. 160/60 டயருக்கோ 4.50 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ரிம்மைத்தான் டயர் நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. குறுகிய ரிம்மில் அகன்ற டயரை ஏற்றினால் அது ‘உட்காரும்’ என்பது உண்மைதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரு விளிம்புகளும் உள்நோக்கி இழுக்கப்படுவதால் டயரின் வளைவு மாறி, நடுப்பகுதி கூர்மையாக எழும்பிவிடும். நேர்ச்சாலையில் தரையைத் தொடும் பட்டை ஒடுங்கும். வண்டியைச் சாய்க்கும்போது முதலில் சட்டென்று விழுவது போலவும், பிறகு தயங்குவது போலவும் தோன்றும். ஓரத்தில் உள்ள ரப்பர் தரையைத் தொடாமலேயே புதிதாக இருக்கும். தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது சக்கரத்தின் மீதுள்ள எடையும் காற்றழுத்தமும்தான். டயர் அகலமானால் அந்தப் பரப்பின் வடிவம் மாறுமே தவிர, அது தானாகப் பெருத்துவிடாது.

விட்டக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ. 150/60 டயரின் பக்கச்சுவர் உயரம், அகலத்தில் 60 விழுக்காடு, 90 மி.மீ. என்பதால் மொத்த விட்டம் 611.8 மி.மீ.; 160/60 டயருக்கு அது 623.8 மி.மீ. வேறுபாடு 12 மி.மீ., அதாவது ஏறத்தாழ 2 விழுக்காடு. பின்புறம் 6 மி.மீ. உயரும், கியர் விகிதமும் அதே 2 விழுக்காடு நீளும். இந்த வேறுபாட்டால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் குழம்பிவிடும் என்று சிலர் அச்சுறுத்துவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் புதிய டயருக்கும் முழுதாகத் தேய்ந்த டயருக்கும் இடையிலேயே விட்டத்தில் கிட்டத்தட்ட அந்த அளவு வேறுபாடு வந்துவிடுகிறது. 160 வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் விட்டம் அன்று, ரிம்மின் அகலமே.

எனவே 150/60 ஆர்17 ரேடியல் டயரையே, 66எச் அல்லது அதற்கு மேற்பட்ட குறியுடன் வாங்குங்கள். 66 என்பது 300 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தகுதியுடையது என்பதையும் குறிக்கும். முன் டயரும் பழையதாக இருந்தால் 110/70 ஆர்17 சேர்த்து மாற்றுவது நல்லது. முன்னே ஒரு வகை, பின்னே ஒரு வகை என்று ரேடியலையும் (உள்ளிழைகள் குறுக்கே நேராக ஓடுவது) பயாஸையும் (சாய்வாக ஓடுவது) கலக்காதீர்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். கடைக்காரர் எடுத்துத் தருவதை அப்படியே வாங்காமல் அதைப் படித்துப் பாருங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியையும் பாருங்கள். அதைத் தலைகீழாக மாட்டிய வண்டிகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் என்பதால் முதல் 150, 200 கி.மீ. வரை மலைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பழைய பட்டறை எழுதியது:

லீவர் மெத்தென்று ஆனது, வண்டியை நிறுத்தி வைத்ததும் மீண்டது என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. சூட்டினால் பிரேக் தோற்பது இரண்டு வகைப்படும். டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேட் அளவுமீறிச் சூடானால் லீவர் வழக்கம் போல் கெட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்க மறுக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் அதில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழை அமுக்க முடியும் என்பதால் லீவர் உள்ளே போய்விடும். உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது வகை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடும். டாட் 5.1 வகைக்கு அவை முறையே 260, 180. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டிய ஆயிலை உங்களுக்கு முந்தைய உரிமையாளர் மாற்றினாரா என்று கேட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் தொட்டியின் கண்ணாடியில் ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் தெரிந்தால் கேட்கவே வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை: டாட் 5 என்பது சிலிகான் ஆயில். பெயர் ஒத்திருந்தாலும் 5.1 வேறு, 5 வேறு. உங்கள் வண்டியில் டாட் 5 போகக் கூடாது.

இப்போது 320 டிஸ்க்கிற்கு வருகிறேன். பேட்டுகளைத் தாங்கி டிஸ்க்கின் மீது அழுத்தும் உங்கள் காலிப்பர் ரேடியல் முறையில் பொருத்தப்பட்டது. அதன் போல்ட்டுகள் பக்கவாட்டில் நுழையாமல், டிஸ்க்கின் ஆரத்தை ஒட்டிய திசையில் நுழைகின்றன. ஆகவே 10 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர்களை (இடைவெளித் துண்டுகளை) இடையில் வைத்து, அதே அளவு நீளம் கூடிய, உரிய வலிமைத் தரமுள்ள போல்ட்டுகளைப் போட்டால், காலிப்பர் சரியாக 10 மி.மீ. வெளியே நகர்ந்து 320 டிஸ்க்கிற்கு இடம் கொடுக்கும். செய்யக்கூடிய வேலைதான். கிடைக்கும் பயன் என்ன என்று கணக்கிடுவோம். பேட் அழுத்தும் இடத்தின் சராசரி ஆரம் ஏறத்தாழ 135 மி.மீ.யிலிருந்து 145 மி.மீ. ஆகும். அதே விரல் அழுத்தத்துக்கு நிறுத்தும் விசை 7 விழுக்காடு அளவில் கூடும். சூட்டைத் தாங்கும் உலோகமும் சற்று அதிகம். ஆனால் பழைய ஆயிலை வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் மாற்றினால், முப்பத்தைந்தாம் வளைவில் வந்த சிக்கல் நாற்பத்தைந்தாம் வளைவில் வரும்.

என்னிடம் இந்த வண்டி வந்தால் நான் செய்வது இதுதான்: காலிப்பரைக் கழற்றிப் பிஸ்டன்களைத் துடைத்துச் சுத்தம் செய்வேன், நிறுவனத்தின் அசல் பேட் அல்லது உலோகத் தூளைச் சுட்டு இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் மாட்டுவேன், டிஸ்க்கின் மீது பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை மைக்ரோமீட்டரால் ஒப்பிடுவேன், புதிய ஆயில் நிரப்புவேன். பணம் மிஞ்சினால் எஃகு இழை பின்னிய ஹோஸ்களை (ஆயில் குழாய்களை) போடலாம். ஏபிஎஸ் வண்டியில், லீவரோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் பெட்டிக்கு ஒன்று, அங்கிருந்து காலிப்பருக்கு ஒன்று என்று ஹோஸ்கள் இரண்டாக இருக்கும் என்பதை வாங்கும்போது மறக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் காற்று தங்கினால் வெளியேற்றுவது பெரும்பாடு. பொறுமையில்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

புதிய பேட் போட்ட பிறகு, காலியான சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்துப் பதினைந்து முறை சீராகப் பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். அதற்குள் பிரேக் சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆறாம் கியர் எழுதியது:

மேலே உள்ள கருத்துகளை மதிக்கிறேன். ஆனாலும் என் அனுபவத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இதே வண்டியில் 160/60 போட்டு ஏறத்தாழ 9,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன், டயர் கழன்றும் விழவில்லை, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலும் உரசவில்லை. பின்னாலிருந்து பார்க்கும்போது வண்டிக்குத் தனிக் கம்பீரம் வந்துவிடுகிறது. எல்லாரும் பந்தயத் தடத்தில் ஓட்டுவதில்லையே?

அளவுநாடா எழுதியது:

கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. அந்த 9,000 கி.மீ.க்குப் பிறகு டயரின் ஓரத்தில் எத்தனை விரற்கடை அகலத்துக்கு ரப்பர் தேயாமல் இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். பந்தயத் தடத்தைவிடக் கொண்டை ஊசி வளைவில்தான் மணலும் எதிரே வரும் பேருந்தும் இருக்கின்றன. அங்கேதான் வண்டி சீராகச் சாய வேண்டும்.

ஆறாம் கியர் எழுதியது:

இரண்டு விரற்கடை இருந்தது. அடுத்த முறை 150 வாங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இருசுமனை எழுதியது:

புதுப்பேட்டைச் சக்கரத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் எழுதுகிறேன். பழைய சக்கரம் சந்தைக்கு எப்படி வந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மோதிய வண்டியிலிருந்துதான் வரும். வார்ப்பு அலாய் சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். ஒரு முறை நான் வாங்கிய சக்கரத்தில் பெயின்ட் புதிதாக இருந்தது. டயரைக் கழற்றியதும் உட்புறத்தில் வெல்டிங் தழும்பு தெரிந்தது. விற்றவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆகவே டயர் இல்லாமல், பெயின்ட் அடிக்காமல் இருக்கும் சக்கரத்தை மட்டுமே பாருங்கள். ஆக்சிலில் (அச்சில்) மாட்டிச் சுழற்றி, நுண்ணிய ஆட்டத்தையும் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பக்கவாட்டு ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் அளந்து, கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். ஆக்சிலின் விட்டம், பேரிங், ஸ்பேசர்களின் நீளம், டிஸ்க் காலிப்பரின் நடுவில் வந்து நிற்கிறதா என்பது, ஏபிஎஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலுள்ள இடைவெளி ஆகிய இவற்றில் ஒன்று ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சாலையில் டேப் வைத்து யாரும் அளக்கப் போவதில்லை என்றாலும், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் அளப்பார்.

அடிவாரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தொட்டியின் கண்ணாடியைப் பார்த்தேன். டிகாஷனைவிடக் கறுப்பாக இருந்தது. முந்தைய உரிமையாளரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, ‘பிரேக் ஆயிலை மாற்றுவார்களா?’ என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். 150/60 டயர் ஒன்றும், முன் பேட் ஒரு செட்டும், டாட் 5.1 ஆயிலும் வாங்கிவிட்டேன். புதுப்பேட்டைச் சக்கரம் இப்போதைக்கு வேண்டாம். வண்டியைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் நண்பரிடம் இருப்பதால், சக்கரம் கழற்றி மாட்டும் வேலையை நாங்களே செய்யப் போகிறோம். ஆயில் மாற்றுவதை மட்டும் பட்டறையில் கொடுக்கிறேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியவை ஏதேனும் உண்டா?

பழைய பட்டறை எழுதியது:

முன்சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் லீவரைத் தொடக் கூடாது. தொட்டால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேட்டுக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி வையுங்கள். சக்கரத்தை மாட்டி ஆக்சிலை இறுக்கிய பிறகு, ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை நான்கைந்து முறை அழுத்தி எழுப்புங்கள். ஃபோர்க் கால்கள் தம் இடத்தில் நேராக அமர்ந்த பிறகே அடியில் ஆக்சிலைக் கவ்வும் போல்ட்டை இறுக்க வேண்டும். பின்புறத்தில் சங்கிலியின் தொய்வையும், ஸ்விங்ஆர்மின் இரு பக்கக் கோடுகளிலும் ஆக்சில் ஒரே அளவில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. புதிய பேட் மாட்டும்போது பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருப்பீர்கள்; அதனால் முதல் சில அழுத்தங்களுக்கு லீவர் வெறுமனே உள்ளே போய்வரும். பல ஆண்டுகளுக்கு முன் பேட் மாற்றிய வண்டியை நான் அப்படியே வெளியே ஓட்டிச் சென்று, எதிர்க் கடையின் இரும்புக் கதவில்தான் நிறுத்தினேன். வண்டியை நகர்த்துவதற்கு முன்பு, லீவர் கெட்டியாகும் வரை விட்டு விட்டு அழுத்துங்கள். பின் பிரேக் பெடலுக்கும் அப்படியே செய்யுங்கள்.