சூடானால் அணையும் கார்: ஈசிஎம்மை மாற்றுவதா, திறந்து பார்ப்பதா?

வேலூர்வெயில்:
2002 மாடல் பெட்ரோல் செடான். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. மதிய வெயிலில் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடுகிறது. அணையும் நொடியில் ஆர்பிஎம் முள் சடாரெனப் பூஜ்யத்தில் விழுகிறது. ஆறவிட்டால் மறுபடி ஓடும். பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், கோளாறைக் காட்டும் கோடு (குறியீட்டு எண்) எதுவும் இல்லை. ஆனாலும் "ஈசிஎம் போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்கிறார்கள், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி. புதியது கம்பெனியிலேயே கிடைப்பதில்லை. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழையது ஒன்றை வரவழைக்க 14,000 ரூபாய். ஒத்துவராவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வாங்கலாமா?

பட்டறைக்காரர்:
தாராளமாக வாங்குங்கள். ஈசிஎம் மேல் சந்தேகம் வந்தால், நன்றாக ஓடும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் தொழிலில் வழக்கம். எப்போதாவது வரும் கோளாறுக்கு வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்து, மல்டிமீட்டரோடு தவம் கிடந்தால் எந்தப் பட்டறையும் பிழைக்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே பெட்டிதான். உள்ளே ஆட்டோமேட்டிக் கியருக்கு ஒன்று, மேனுவலுக்கு வேறு.

ஓம்விதி:
மாட்டிப் பார்க்க ஒன்று அலமாரியில் இருக்கிறவருக்கு அந்த வழக்கம் சரி. இவர் காசு கொடுத்தல்லவா மாட்டிப் பார்க்க வேண்டும்?

சூட்டில் நிற்பதும் ஆர்பிஎம் முள் விழுவதும் என்ஜின் சுழல்வதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் பழைய பழக்கம். அடுத்த சந்தேகம், ஈசிஎம்முக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் விடும் மெயின் ரிலே. 1990களின் ஹோண்டா கார்களில் அந்த ரிலேயின் ஈயப்பற்று விரிசல் விட்டு, வெயிலில் நிறுத்திய வண்டி கிளம்பாமல் அடம்பிடிப்பது பிரசித்தம். ஒரே கேள்வி: வண்டி அணைந்ததும் சாவியை ஆன் நிலையில் வைத்தால் செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகுகிறதா?

வேலூர்வெயில்:
இரண்டுமே இல்லை. ஆறிய பிறகு இரண்டும் வருகின்றன.

ஓம்விதி:
அப்படியானால் கிராங்க் சென்சாரை விட்டுவிடலாம். சென்சார் மட்டும் செத்திருந்தால் விளக்கு எரிந்திருக்கும். ஈசிஎம்மே விழிக்கவில்லை. அதற்கு வரும் மின்சாரம் நின்றிருக்கலாம், எர்த் போயிருக்கலாம், சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைன் எங்காவது ஷார்ட் ஆகிப் பெட்டியையே முடக்கியிருக்கலாம். இவை எதுவும் இல்லை என்றால்தான் பெட்டிக்குள் கோளாறு. பட்டறை நேராகக் கடைசிக்குத் தாவிவிட்டது.

ஸ்கேனரில் கோடு இல்லாததற்கும் காரணம் இதுதான். தூங்குகிறவன் டைரி எழுத முடியாது. தவிர, இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டு பதிவுசெய்யும் ஏற்பாடு, கட்டாயமானதே 2010-ல்தான், இரண்டாம் கட்டம் 2013-ல். 2002 வண்டியிடம் விலாவாரியான வாக்குமூலத்தை எதிர்பார்க்கக் கூடாது.

பட்டறைக்காரர்:
ஐயா, வண்டி நிற்பது நெடுஞ்சாலையில். லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில், குடும்பத்தை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, கிளவ் பாக்ஸுக்கு அடியில் தலையை நுழைத்து 5 வோல்ட்டைத் தேடச் சொல்கிறீர்கள்.

ஓம்விதி:
ரோட்டுக்கே போக வேண்டாம். கிளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, வீட்டு வாசலில் வண்டியை ஐடிலிங்கில் ஓடவிட்டு, முடி உலர்த்தும் ஹேர் டிரையரால் முதலில் மெயின் ரிலேயைச் சூடாக்குங்கள். பிறகு ஈசிஎம் பெட்டியை. எதைச் சூடாக்கும்போது அணைகிறது என்று பாருங்கள்.

அணைந்ததும் சாவியை ஆன் நிலையில் வைத்து, ஆறுவதற்குள் அளக்க வேண்டும். ஈசிஎம்மின் சப்ளை பின்னில் பேட்டரி வோல்ட்டேஜ் அப்படியே இருக்க வேண்டும். எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் கம்பி எங்கே துருப்பிடித்திருக்கிறது என்று தேடுங்கள். கடைசியாக த்ராட்டில் சென்சாரின் பிளக்கில் 5 வோல்ட் வருகிறதா? வராவிட்டால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சாரோ அதற்குப் போகும் வயரோதான் குற்றவாளி.

நான்காம்கியர்:
இந்தப் பழைய பெட்டியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? ஸ்பீடுயினோ போட்டுவிடுங்கள். ஆர்டுயினோ மெகா என்ற சிறிய கணினிப் பலகையில் ஓடும் திறந்த மூல ஈசிஎம். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று சொல்லும் மேப் எல்லாம் நம் கையில்.

பட்டறைக்காரர்:
தம்பி, 2002 வண்டி என்றால் பதிவுக்கான 15 வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ முன்னால் நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும், புகைச் சான்றும் வேண்டும். அங்கே போய் மேப் என் கையில் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

ஓம்விதி:
இந்த ஒரு விஷயத்தில் பட்டறைக்காரர் பக்கம்தான் நான். காலைக்குளிருக்கும் ஏசி சுமைக்கும் ஐடிலிங்கைச் சரிக்கட்டவே மாதக்கணக்காகும். பந்தய வண்டிக்குச் சரி, அலுவலகம் போகும் வண்டிக்கு எதற்கு?

வேலூர்வெயில்:
ஹேர் டிரையர் சோதனை செய்தேன். ரிலேயை எவ்வளவு சூடாக்கியும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஈசிஎம் பெட்டிக்குக் காட்டிய சிறிது நேரத்தில் அணைந்துவிட்டது. சப்ளை 12.3 வோல்ட், எர்த்தில் 0.03. த்ராட்டில் பிளக்கில் 5 வோல்ட்டுக்குப் பதில் 1.1. சென்சார்களை எல்லாம் கழற்றிய பிறகும் அது ஏறவில்லை.

பெட்டியைக் கழற்றித் திறந்தேன். மீன் நாற்றம். ஓர் ஓரத்தில் நிற்கும் சிறிய உருளைக் கெபாசிட்டர்கள் இரண்டின் அடியில் பழுப்புக் கறை படிந்து, பச்சை வார்னிஷ் உப்பியிருக்கிறது.

பட்டறைக்காரர்:
ஆக, ஈசிஎம்தான். அந்தப் பட்டறை முதல் நாளே சொன்னதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

ஓம்விதி:
எதை அளந்து சொன்னார்கள்? எர்த் கம்பி துருப்பிடித்திருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். 14,000 ரூபாய்ப் பெட்டியை மாட்டிய பிறகும் வண்டி அதே இடத்தில் நின்றிருக்கும்.

சரி, இப்போது பெட்டிக்குள்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. அப்போதும் புதுப்பேட்டை எதற்கு? அங்கிருந்து வருவதும் இதே வயது, இதே கெபாசிட்டர்கள். 1990களின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ் கார்களில் இந்தக் கசிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. உள்ளே இருக்கும் திரவம் கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். அங்கே மாற்றுப் பெட்டி வாங்கியவர்களும் முதலில் மூடியைத் திறந்து கெபாசிட்டரைத்தான் பார்ப்பார்கள். அதே கொள்ளளவு, வோல்ட் மதிப்பில், 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர் சில ரூபாய்தான். கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அரித்த தடம் இருந்தால் மெல்லிய கம்பியால் பாலம் போட வேண்டும்.

பட்டறைக்காரர்:
எழுத எளிது. பலகையின் மேலே பூசிய வார்னிஷைச் சுரண்டி, இரண்டு பக்கமும் தடம் ஓடும் பலகையில் ஈயத்தை உறிஞ்சி எடுக்கும்போது தடமே பெயர்ந்து கையோடு வரும். டிவி சரிசெய்கிறவரிடம் கொடுத்துக் கருகிப்போன பெட்டிகளை நானே வாங்கி மூலையில் போட்டிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து வண்டி மறுபடி நின்றால், கெபாசிட்டர் விற்றவனையா வாடிக்கையாளர் தேடுவார்? என் பட்டறை வாசலில்தான் வந்து நிற்பார். நான் மாற்றச் சொல்வது சோம்பலால் அல்ல. மாற்றிய பெட்டிக்கு நான் பொறுப்பேற்க முடியும், சுரண்டிய பெட்டிக்கு முடியாது.

ஓம்விதி:
வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் இன்னும் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரைப் பற்றிப் பேசவே இல்லை. சாவிக்குள் சிப் உள்ள வண்டி என்றால், வேறு வண்டியின் ஈசிஎம்மை மாட்டினால் ஓரிரு நொடி ஓடி நின்றுவிடும், இல்லை கிளம்பவே கிளம்பாது. சாவியின் அடையாளம் பெரும்பாலும் பலகையில் உள்ள எட்டுக் கால் நினைவக சிப்பில் இருக்கிறது. பழையதிலிருந்து அதை எடுத்துப் புதியதில் ஒட்ட வேண்டும், அல்லது உள்ளே இருப்பதைப் பிரதி எடுக்க வேண்டும். சால்டரிங் அயர்னைத் தொடாமல் நடக்காத காரியம். எப்படியும் பலகையில் கைவைக்கப் போகிறோம் என்றால், சொந்தப் பெட்டியிலேயே வைக்கலாமே?

பட்டறைக்காரர்:
சாவி, இம்மொபிலைசர், ஈசிஎம் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்த செட்டாகத்தான் நாங்கள் வாங்குவோம். கதவுக்கு ஒரு சாவி, என்ஜினுக்கு ஒரு சாவி. அழகில்லைதான், ஆனால் வண்டி ஓடும்.

வேலூர்வெயில்:
என் சாவியில் சிப் இருக்கிறது. செட்டாகக் கேட்டால் புதுப்பேட்டை விலை 14,000-ல் நிற்காது. கோயம்புத்தூரில் ஈசிஎம் பலகை வேலை மட்டும் செய்யும் ஒருவரிடம் பெட்டியை அனுப்புகிறேன். வருவதற்குள் வண்டியில் வேறு எதையாவது பார்த்துவைக்க வேண்டுமா?

பட்டறைக்காரர்:
அனுப்புங்கள். ஆனால் பெட்டி திரும்பி வந்ததும் அவசரப்பட்டு மாட்டாதீர்கள். ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் சுருள்களை முதலில் ஓம் மீட்டரில் அளந்துவிடுங்கள். மிட்சுபிஷி கையேடுகளில் 20 டிகிரி வெப்பத்தில் 28 முதல் 33 ஓம் வரை என்று இருக்கும், உங்கள் வண்டிக்கு அதன் கையேட்டைப் பாருங்கள். சுருள் ஷார்ட் ஆகியிருந்தால் ஈசிஎம்முக்குள் அதை இயக்கும் டிரைவர் சிப்பைப் பொசுக்கிவிடும். கோயம்புத்தூரில் சரிசெய்ததாக இருந்தாலும் புதுப்பேட்டையில் வாங்கியதாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். மாட்டும்போது பேட்டரி மைனஸ் கழற்றியிருக்கட்டும். ஓம்விதி ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கெபாசிட்டரைப் பார்க்கட்டும், நீங்கள் மோட்டாரைப் பாருங்கள்.