டாட் கெயின்: புள்ளிப் பெருக்கமா, புள்ளிப் பருத்தலா?

> டாட் கெயினுக்குப் ‘புள்ளிப் பெருக்கம்’ போதுமே, ஏன் இத்தனை மடல்கள்?

ஐயா, வணக்கம். அச்சுப் படத்தின் சாயலைக் காட்டும் நுண்புள்ளிகள் ஃபிலிமில் இருந்ததைவிடப் பெரிதாகிவிடுவதுதான் டாட் கெயின் (dot gain). அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். பெருக்கம் என்றதும் எண்ணிக்கை கூடுவதாகத்தான் மனதில் படுகிறது: மக்கள்தொகைப் பெருக்கம், கொசுப் பெருக்கம். இங்கே புள்ளி ஒன்றுகூடக் கூடுவதில்லை, இருக்கிற புள்ளிதான் தடிக்கிறது. ஃபிலிமில் பரப்பில் 50 விழுக்காட்டை மூடியிருந்தது அச்சேறியபின் 70 ஆக நிற்கிறது. நான்கு வண்ண வேலையில் சியான் மையும் மஜெந்தா மையும் ஆளுக்கொரு அளவில் இப்படித் தடித்தால் சாம்பல் நிறம் சாம்பலாக இராது.

சிலர் சொல்லும் ‘மைப் பரவல்’ பாதி உண்மைதான். மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை அழுத்தி இழுத்தால் மை பரவும், மறுக்கவில்லை. ஆனால் தாளுக்குள் புகுந்த ஒளி பக்கவாட்டில் சிதறி மைக்கு அடியில் மாட்டிக்கொள்வதாலும் புள்ளி பெரிதாகத் தெரியும். மை இம்மியும் நகர்ந்திருக்காது. அச்சு ஆய்வாளர்கள் யூலும் நீல்சனும் 1951இல் சமன்பாடு எழுதியது இதற்காகத்தான்.

நான் சொல்வது ‘புள்ளிப் பருத்தல்’. மெஷ் என்னும் துணித் திரையின் திறப்புகள் வழியே மை இறக்கும் திரை அச்சில் இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது, அதற்கும் சொல் வேண்டும். வெள்ளை மெஷ்ஷில், ஒளி பட்டால் கெட்டியாகும் பூச்சான எமல்ஷனுக்கு ஒளி காட்டும்போது இழைகளில் பட்டுச் சிதறும் ஒளி ஃபிலிம் புள்ளியின் ஓரத்துக்கு அடியிலும் நுழைந்து எமல்ஷனைக் கெட்டிப்படுத்திவிடுகிறது. கெட்டியாகாமல் கழுவப்பட்டு மைக்கு வழிவிட வேண்டிய திறப்பு சிறுத்து, வெளிர் பகுதியின் பொடிப் புள்ளிகள் திறக்காமலே போகின்றன. மஞ்சள் மெஷ்ஷுக்கு மாறுவது இதைக் குறைக்கத்தான். இது ‘புள்ளி இளைத்தல்’. பருத்தது, இளைத்தது என்றால் பட்டறையில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். பருத்தலுக்குப் பதில் ‘வீக்கம்’ என்றால் எதிர்ச்சொல் ‘வடிதல்’. மருத்துவமனை வாடை அடிக்கிறது.

ஒரு சின்னத் தொல்லை. 50, 70 ஆனால் பருத்தல் 20 என்பதே வழக்கம், 40 விழுக்காடு அல்ல. அதை ‘20 புள்ளி’ என்று எழுதினால் விழுக்காட்டுப் புள்ளியா, அச்சுப் புள்ளியா என்று கேள்வி வரும்.

---

> பருத்தது, இளைத்தது என்றால் பட்டறையில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

இளைத்தலுக்காகவே பருத்தலை ஏற்கிறேன், பெருக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். அளந்து வரும் எண்ணுக்கு மட்டும் வேறு பெயர் வைப்போமா? அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647 தரநிலையும் டாட் கெயின் என்னாமல் டோன் வேல்யூ இன்க்ரீஸ் (சாயல் அளவின் ஏற்றம்) என்கிறது. ‘தொனி ஏற்றம் 20’ என்று எழுதினால் உங்கள் புள்ளித் தொல்லையும் தீரும். இளைத்த இடத்தில் ‘தொனி இறக்கம்’. பருத்தல் கண்ணால் பார்ப்பது, ஏற்றம் மையின் அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டர் சொல்வது.