பொருள்: 'ஆட்டோஇம்யூன்' என்பதற்குத் தமிழ்ச்சொல், கிரேவ்ஸ் (தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய்) கையேட்டுக்கு (வெள்ளிக்குள்)

கே.கே.நகர் (மருத்துவர்):
வணக்கம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் பாக்கி: உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் உடம்பின் மேலேயே திரும்பும் 'ஆட்டோஇம்யூன்' நோய்க்குத் தமிழ். பத்திரிகைகள் எழுதும் 'தன்னுடல் தாக்கு நோய்' ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோய்க்குச் சரி, அங்கே சுரப்பி அழிகிறது. கிரேவ்ஸில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), தைராய்டைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்எச்சின் ஏற்பியில் போய் உட்கார்ந்து சுரப்பியை முடுக்குகிறது. தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 ஏறினால் பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் குறைத்துவிடும். எதிர்ப்பொருளுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் 0.01 என்று பார்த்து 'தைராய்டு கம்மி' என்று நினைக்கிறவர்களிடம் 'தாக்கு' என்றும் சொன்னால், தைராய்டு குறைவுக்கான தைராக்ஸின் மாத்திரையைத் தேடிப் போவார்கள்.

திருமங்கலம்:
டாக்டர் அம்மா, தாக்கு இருக்கட்டும், புணர்ச்சியைத் திருத்துங்கள். பொன் + தாலி பொற்றாலி என்றால் தன் + தாக்கு 'தற்றாக்கு'. தைராய்டும் எதற்கு? கிரேக்கத்தில் அது கேடயம் போன்றது என்றுதானே பொருள், 'கேடயச் சுரப்பி' எனலாம்.

மேலூர்:
கேடயமே வடமொழிக் கேடகத்தின் வழி வந்ததுதானே ஐயா? சங்கத்தமிழில் அதற்குத் 'தோல்' என்று பெயர். தூய்மை பார்த்தால் 'தோல் சுரப்பி' என்றல்லவா வரும்!

தெற்குவாசல் (மருந்தாளுநர்):
அப்படி அச்சடித்தால் கூட்டமெல்லாம் தோல் டாக்டர் வாசலில் நிற்கும். தைராய்டு தைராய்டாகவே இருக்கட்டும். 'கார்பிமசோல் (தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடும்போது காய்ச்சல், தொண்டைவலி வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள்' என்ற வரி ஏழாம் பக்க அடியில் கிடக்கிறது. முதலில் அதற்குக் கட்டம் கட்டுங்கள்.

நரிமேடு:
'தன்னெதிர்ப்பு நோய்'. தனிக்குறில் முன் ஒற்று முறைப்படி இரட்டிவிட்டது, படிக்கவும் வருகிறது. அந்த எதிர்ப்பொருளை அளக்கும் டிராப் பரிசோதனைக்கு 'தூண்டும் எதிர்ப்பொருள்' என்று விளக்கம் கொடுக்கலாம்.

திருமங்கலம்:
தூண்டுவது எப்படி ஐயா எதிர்ப்பாகும்? தாக்குக்குச் சொன்ன குறை இதற்கும் உண்டு. 'காப்புப் பிறழ்வு' என்றால் அழித்தல், முடுக்குதல் இரண்டும் அடங்கும்.

தெற்குவாசல்:
காப்பு என்றால் இங்கே கை வளையல்.

கே.கே.நகர்:
நரிமேடு சொன்ன தன்னெதிர்ப்பையே போடுகிறேன். கீழே ஒரு வரி: 'உடம்பின் எதிர்ப்பாற்றல் பிசகித் தைராய்டை ஓயாமல் முடுக்குகிறது.' கட்டமும் கட்டியாயிற்று. திருமங்கலம் ஐயாவின் மறுப்பு நியாயமானது, ஆனால் நேரமில்லை. அடுத்த சிக்கல்: 12 முதல் 18 மாதம் மாத்திரை எடுத்து அளவுகள் சரியான நிலையைக் கையேடு 'குணம்' என்கிறது. நிறுத்தியபின் பலருக்குத் திரும்ப வருகிறது. 'தணிவு' போடலாமா?

திருமங்கலம்:
தணிவு சினத்துக்கு. 'அடக்கம்' பாருங்கள்.

தெற்குவாசல்:
ஐயா, நோயாளிக்குக் கொடுக்கிற புத்தகத்தில் அடக்கமா?